கண்ணாடிக் கணக்கு

அந்த அக்டோபரில்
அகாபுல்கோ விரிகுடா வெந்நீராய்க் கிடந்தது.
கொதிக்கவில்லை,
பிள்ளை குளிப்பாட்டும் பதம்.
கலேட்டா கடற்கரையில் விடுமுறைக்கு வந்தவர்கள்
விளக்கு போட்ட பிறகும் கரையேறவில்லை.
படகுக்காரர் எவாரிஸ்தோ மட்டும்
கையை நனைத்துப் பார்த்துவிட்டு
"காய்ச்சல்காரி நெற்றி மாதிரி இருக்கு" என்றார்.
மீன் ஆழத்துக்குப் போய்விட்டதே என்பது அவர் கவலை.

நான் எலோடியா. கண்ணாடிக் கடையில்
கணக்கு எழுதுகிறவள்.
முதலாளி நிக்கானோர் இந்த விரிகுடாவைச் சுற்றி
எத்தனையோ ஹோட்டலுக்கு ஜன்னல் போட்டவர்.
எத்தனை மில்லிமீட்டர் எவ்வளவு காற்றைத் தாங்கும்
என்ற அட்டவணை கடைச் சுவரில் உண்டு.
மஞ்சளேறிய தாள்.
அதிலிருக்கும் காற்றெல்லாம்
எப்போதோ வீசி ஓய்ந்த காற்று.

ஜூன் முழுக்க மழையில்லை அந்த வருடம்.
மேட்டுத் தெருக்களில் வாரத்துக்கு ஒரு குடம்.
செவ்வாய் மாலை வானொலி சொன்னது:
தெற்கே ஒரு சுழல், மழை வரலாம்.
வரட்டும் என்றுதான் நினைத்தோம்.
வாளிகளை வெளியே வைத்தேன்.
மறுநாளுக்குக் கறுப்பு பீன்ஸை ஊறப்போட்டேன்.

பீன்ஸ் ஊறுகிற நேரம், அவ்வளவுதான்.
அதற்குள்
வெதுவெதுப்பைக் குடித்துக் குடித்து
அங்கே ஒன்று ஆளாகிவிட்டது.

பத்து மணிக்கு வானொலிக்காரன் குரல் மாறியது.
ஓர் எண்ணைச் சொன்னான்.
திரும்பவும் சொன்னான்,
தானே நம்பாதவன்போல.
எங்கே ஓட, எதில் ஓட?
குளியலறைக்குள் ஆறு பேர்,
பக்கத்து வீட்டு நாயோடு.
ரயில் மாதிரி இருந்தது என்கிறார்கள் எல்லோரும்.
எனக்கு அப்படிக் கேட்கவில்லை.
மிகப் பெரிய தாள் ஒன்றை யாரோ
நிதானமாகக் கிழித்துக்கொண்டே இருந்தார்கள்,
மூன்று மணிநேரம்.

விடிந்ததும் கீழே பார்த்தோம்.
விரிகுடாவைச் சுற்றி
தேனெடுத்துப் போட்ட அடைகள்.
பதினெட்டாம் மாடியிலிருந்து ஒரு திரைச்சீலை
வெளியே நீண்டு ஆடிக்கொண்டிருந்தது.
தெருவெல்லாம் எங்கள் கண்ணாடி.
எந்த வருடம் எந்த மாடிக்குப் போனது என்று
பேரேட்டைப் பிரித்தால் சொல்லிவிடுவேன்.
எவாரிஸ்தோவின் படகு ஒரு வங்கிக்குள் இருந்தது.
படகைக் காவல் காக்கப் போன எவாரிஸ்தோ
எங்கும் இல்லை.

கூரை போன அடுப்படியில்
பீன்ஸ் மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி,
நன்றாக ஊதி.
கண்ணாடித் தூள் விழுந்திருக்குமோ என்று
நான்கு முறை அலசி வேகவைத்தேன்.
பதினொரு பேர் சாப்பிட்டோம்.

இப்போது கடையில் வேலை குவிகிறது.
இரண்டு வருடத்துக்கு ஜன்னல்கள்,
எல்லாம் முன்பணத்தோடு.
நிக்கானோர் ரசீதில் கையெழுத்திடும்போது
தலை நிமிர்வதில்லை.
நேற்று ஓர் இளைஞன் வந்தான், கட்டடப் பொறியாளர்.
"எவ்வளவு காற்றுக்குப் போடட்டும்?" என்றார் இவர்.
அவன் சுவரில் இருந்த தாளைப் பார்த்தான்.
ஜன்னல் வழியே கடலைப் பார்த்தான்.
"புது அட்டவணை வரும்" என்றான்.

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு
மற்றதை நிரப்பினேன்.

சாயங்காலம் கலேட்டா வழியாகத்தான் வீடு.
பிள்ளைகள் மறுபடியும் தண்ணீரில்.
என் மகள் கழுத்தளவில் நின்று
"வாம்மா, சூடா இருக்கு" என்று கூப்பிட்டாள்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
முழங்கால் வரை இறங்கினேன்.

நாள் முழுக்க உட்கார்ந்த காலுக்கு
சுகமாகத்தான் இருந்தது.
சொல்ல வெட்கமாக இருக்கிறது.